6/6 இருந்தால் போதுமா? – வலிப்பு மருந்துகளும் மாணவர் பார்வையும்

ஒவ்வொரு கல்வியாண்டும் நம் பள்ளிகளில் பார்வைப் பரிசோதனை நடக்கிறது. சுவரில் எழுத்து அட்டையை மாட்டுகிறோம். ஆறு மீட்டர் தள்ளி மாணவரை நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, மேலிருந்து கீழாகப் படிக்க வைக்கிறோம். உரிய வரி வரை தடையின்றிப் படித்துவிட்டால் 6/6. பதிவேட்டில் குறித்துக்கொண்டு அடுத்த மாணவரை அழைக்கிறோம்.

இந்தப் பரிசோதனை மிகவும் பயனுள்ளது. கண்ணாடி தேவைப்படும் எத்தனையோ பிள்ளைகளை இதுதான் அடையாளம் காட்டுகிறது. ஆனால் இது கேட்பது ஒரே ஒரு கேள்வியைத்தான்: நேராகப் பார்க்கும்போது பார்வை எவ்வளவு கூர்மையாக இருக்கிறது? அந்தப் பார்வை எவ்வளவு அகலமாக இருக்கிறது என்ற கேள்வி இதில் இல்லை. பெரும்பாலான மாணவர்களுக்கு அது தேவைப்படுவதும் இல்லை. சில மாணவர்களுக்குத் தேவைப்படும். வலிப்பு நோய்க்காகச் சிலவகை மருந்துகளை எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும், முன்பு எடுத்துக்கொண்ட பிள்ளைகளும் அவர்களில் அடங்குவர்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியர். பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடத்தில் கண்ணையும், நரம்பு மண்டலம் பாடத்தில் மூளையையும் தனித்தனியாக நடத்துகிறோம். அந்த இரண்டு பாடங்களும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் இந்தக் கட்டுரை. ஆசிரியர் மருத்துவராக வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் மாணவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஆசிரியர். மருத்துவர் அறியமுடியாத சிலவற்றை அவரால் கவனிக்க முடியும்.

மையமும் விளிம்பும்

விழித்திரையின் நடுவில் மஞ்சள் புள்ளி என்ற சிறு பகுதி இருக்கிறது. கூம்பு செல்கள் அங்கே நெருக்கமாக அமைந்துள்ளன. எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, முகத்தை அடையாளம் காண்பது ஆகிய எல்லாம் இந்தப் பகுதியின் வேலை. எழுத்து அட்டை சோதிப்பதும் இதைத்தான்.

அதைச் சுற்றியுள்ள பரந்த விழித்திரையில் குச்சி செல்கள் மிகுதி. மங்கிய ஒளியில் பார்க்கவும், பக்கவாட்டில் ஏதேனும் அசைந்தால் உடனே உணரவும் இந்தப் பகுதி உதவுகிறது. தலையைத் திருப்பாமல், கண்ணை அசைக்காமல், ஒரே இடத்தைப் பார்த்தபடி நமக்குத் தெரியும் மொத்தப் பரப்பைப் பார்வைப் புலம் என்கிறோம். ஒரு கண்ணுக்கு மேல்பக்கமும் மூக்கின் பக்கமும் ஏறத்தாழ 60 டிகிரி, கீழ்ப்பக்கம் 70 டிகிரி, வெளிப்பக்கம் 90 டிகிரிக்குச் சற்று மேல் வரை தெரியும். இரண்டு கண்களும் சேர்ந்தால் ஏறத்தாழ 180 டிகிரி.

மையம் நன்றாக இருந்து விளிம்பு மட்டும் குறைந்துபோனால் என்ன ஆகும்? மாணவர் அட்டையைக் கடகடவென்று படிப்பார். பாடநூலையும் படிப்பார். ஆனால் மேசை முனையில் இடித்துக்கொள்வார். பக்கத்திலிருந்து நீட்டிய நோட்டு அவர் கண்ணில் படாது. விளிம்பு மெல்ல மெல்லக் குறையும்போது மூளை அந்த இழப்புக்குப் பழகிக்கொள்கிறது. இருளோ கறுப்பு வளையமோ தெரிவதில்லை. அதனால் பிள்ளையே "எனக்குப் பார்வை குறைந்துவிட்டது" என்று வந்து சொல்வது அரிது.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன்

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். பெயர் வேண்டாம். படிப்பில் நடுத்தரம், கணக்கில் கெட்டி. கண் பரிசோதனையில் இரண்டு கண்களுக்கும் 6/6. ஆனால் கரும்பலகையில் இருப்பதை எழுதும்போது பாதி வரியை விட்டுவிடுவான். வராந்தாவில் வாளியைத் தட்டிவிடுவான். பிற ஆசிரியர்கள் அவனைக் 'கவனமில்லாத பையன்' என்றே சொல்லி வந்தார்கள். அவனும் அதை நம்பத் தொடங்கியிருந்தான்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியைதான் முதலில் வேறு மாதிரி யோசித்தார். ஒருநாள் ஆசிரியர் அறையில் என்னிடம் சொன்னார்: "சார், அவன் கைக்கு நேரா வர்ற பந்தை ஒண்ணு விடாம பிடிக்கிறான். பக்கத்திலேருந்து வர்ற பந்து மேல பட்ட பிறகுதான் அவனுக்குத் தெரியுது."

அவனுடைய அம்மாவை அழைத்துப் பேசினோம். சிறு வயதில் வலிப்பு இருந்ததையும், இப்போதும் ஒரு மாத்திரை எடுத்துக்கொள்வதையும் அவர் முன்பே சொல்லியிருந்தார். பழைய மருந்துச் சீட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். மறுநாள் ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது தொடங்கி மூன்று வயது தாண்டும்வரை, ஒரே மருந்தின் பெயர் சீட்டுக்குச் சீட்டு எழுதப்பட்டிருந்தது: விகாபாட்ரின். அந்தச் சீட்டுகளோடும், நாங்கள் கவனித்தவற்றை எழுதிய ஒரு பக்கக் கடிதத்தோடும் அவர்கள் அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குச் சென்றார்கள். பார்வைப் புலப் பரிசோதனையில் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் சுமார் 15 டிகிரி வரைதான் தெரிகிறது என்று முடிவு வந்தது. மொத்த அகலம் 30 டிகிரி. கூர்மை அதே 6/6.

விகாபாட்ரின் செய்வது என்ன?

நம் மூளையில் நரம்பு செல்களை அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் பெயர் காபா. இதைச் சிதைக்கும் நொதியை விகாபாட்ரின் முடக்குகிறது. அதனால் மூளையில் காபாவின் அளவு கூடி, வலிப்பைத் தூண்டும் மின் கிளர்ச்சி அடங்குகிறது. 1989இல் இங்கிலாந்தில் இம்மருந்து பயன்பாட்டுக்கு வந்தது.

கருவில் மூளையிலிருந்து புடைத்து வளர்வதே விழித்திரை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அது நரம்புத் திசுவே. அங்கும் காபா வேலை செய்கிறது. மூளைக்கென்று கொடுக்கும் மருந்து விழித்திரையையும் சென்றடைவதில் வியப்பில்லை. 1997இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், விகாபாட்ரின் எடுத்துக்கொண்ட மூன்று பேருக்குப் பார்வைப் புலம் சுருங்கியிருப்பதாக ஒரு குறிப்பு வெளியானது. அதன் பிறகு, எந்தக் குறையும் சொல்லாத நோயாளிகளையும் அழைத்துச் சோதித்தார்கள். அவர்களிலும் பலருக்குப் பார்வையின் விளிம்பு குறைந்திருந்தது தெரியவந்தது.

அமெரிக்காவில் இம்மருந்துடன் தரப்படும் எச்சரிக்கைக் குறிப்பு, எடுத்துக்கொள்வோரில் 30 விழுக்காட்டினருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இந்த இழப்பு நேரலாம் என்கிறது. இரு கண்களிலும் ஒருசேர, வெளியிலிருந்து உள்நோக்கிப் பார்வை சுருங்குகிறது. சிலருக்கு லேசாக இருக்கும். சிலருக்குக் குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகிவிடும். மருந்தின் மொத்த அளவும் எடுத்துக்கொண்ட காலமும் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. போன பார்வை திரும்புவதில்லை. மருந்தை நிறுத்திய பின் பொதுவாக இழப்பு அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது.

விழித்திரையில் சேதம் எப்படி நேர்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் எலிகளில் நடந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்தது. விகாபாட்ரின் கொடுக்கப்பட்ட எலிகளின் உடலில் டாரின் என்ற அமினோ அமிலத்தின் அளவு குறைந்தது. ஒளி உணர் செல்கள் நலமாக இருக்க டாரின் தேவை. வெளிச்சத்தில் இருந்த எலிகளுக்குச் சேதம் அதிகமாகவும் இருந்தது. இதைப் படித்துவிட்டுப் பெற்றோரிடம் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிடக் கூடாது. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கொடுக்கிறார்கள்?

இது நியாயமான கேள்வி. பதில் 1841இல் தொடங்குகிறது. வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தன் சொந்தக் குழந்தைக்கு நேர்ந்த விநோதமான வலிப்பைப் பற்றி லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். குழந்தை திடீரெனத் தலையைக் குனிந்து உடலை மடக்கும். அடுத்தடுத்துப் பல முறை அப்படிச் செய்யும். இன்று அவர் பெயராலேயே இதை வெஸ்ட் நோய்க்குறி என்கிறோம். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் வரும். தூங்கி எழுந்ததும் தொடர்ச்சியாக வரும். வயிற்றுவலி என்றோ, தூக்கிப்போடுகிறது என்றோ வீட்டில் நினைத்துவிடுவதும் உண்டு.

இந்த வலிப்பைக் கட்டுப்படுத்தாவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி பின்தங்கும். கற்றுக்கொண்ட சிரிப்பையும், தலை நிற்பதையும்கூடக் குழந்தை இழக்கலாம். இதை அடக்கும் மருந்துகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று விகாபாட்ரின். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் மரபணுக் கோளாறால் இந்த வலிப்பு வரும் குழந்தைகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. பார்வைப் பாதிப்பு தெரிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2009இல், கடும் எச்சரிக்கையுடனும் கண்காணிப்பு ஏற்பாட்டுடனும் அமெரிக்கா இதை அனுமதித்தது இதனால்தான்.

கண்காணிப்பு என்றால், மருந்து தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனை, எடுத்துக்கொள்ளும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிறுத்திய சில மாதங்கள் கழித்து ஒருமுறை என்பது அந்தக் குறிப்பின் பரிந்துரை. ஆனால் கைக்குழந்தையிடம் "இந்த வெளிச்சப் புள்ளி தெரிகிறதா?" என்று கேட்க முடியாது. விழித்திரையின் மின் அலைகளைப் பதியும் கருவி, நரம்பிழை அடுக்கின் தடிமனை அளக்கும் ஸ்கேன் ஆகியவை ஓரளவு உதவும். பார்வைப் புலத்தைச் சரியாக அளக்க, குழந்தை ஒரே இடத்தைப் பார்த்தபடி பொத்தானை அழுத்த வேண்டும். ஏறத்தாழ ஒன்பது, பத்து வயதில்தான் அது நம்பும்படி அமைகிறது. அதாவது, நான்காம் ஐந்தாம் வகுப்பில். அப்போது வலிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகியிருக்கும். மருந்தின் பெயரை வீட்டில் மறந்திருப்பார்கள். பிள்ளை நம் வகுப்பில் இருப்பார்.

பிற மருந்துகள்

வலிப்பு உள்ள மாணவர் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். நம் மாணவர்கள் பரவலாக எடுத்துக்கொள்ளும் வால்ப்ரோயேட், லெவெட்டிரசெட்டம் போன்றவை விழித்திரைப் பாதிப்புக்குப் பெயர்பெற்றவை அல்ல. வேறு சில மருந்துகள் விழித்திரையைத் தொடாமலே பார்வையைக் குழப்பலாம். அவற்றில் மூன்றை ஆசிரியர் அறிந்திருப்பது நல்லது.

கார்பமாசெபின்: எழுத்து மங்கலாகவோ இரண்டிரண்டாகவோ தெரியலாம். மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்தைத் தொடும்போது இது வரும், பிறகு குறைந்துவிடும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு வரும் மாணவர் முற்பகலில் "ரெண்டு ரெண்டா தெரியுது சார்" என்கிறார், மதிய உணவுக்குப் பின் ஒன்றும் சொல்வதில்லை என்றால், அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தளவைப் பிரித்துக் கொடுப்பதா, வகையை மாற்றுவதா என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த ஒரு வரி உதவும்.

பெனிடாய்ன்: 1938 முதல் பயன்பாட்டில் உள்ள பழைய மருந்து. அளவைச் சற்றே கூட்டினாலும் இரத்தத்தில் அது வெகுவாக உயர்ந்துவிடும் தன்மை உடையது. அளவு மிகும்போது கண்மணிகள் நிலைகொள்ளாமல் துடிக்கும். நடை தள்ளாடும், பேச்சு குழறும். இதைத் தூக்கக் கலக்கம் என்றோ, குறும்பு என்றோ எடுத்துக்கொள்ளாமல், அன்றே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

டோபிராமேட்: அரிதாக நேர்வது, ஆனால் அவசரமானது. மருந்து தொடங்கிய முதல் மாதத்துக்குள் பெரும்பாலும் வரும். சிலியரித் தசைப் பகுதியில் நீர் கோத்து, கண் லென்சும் ஐரிசும் முன்தள்ளப்படும். தூரத்தில் இருப்பது திடீரென மங்கும். கண் சிவந்து வலிக்கும், தலையும் வலிக்கும். கண்ணின் உள்ளழுத்தம் உயர்வதால், தாமதித்தால் பார்வை நிரந்தரமாகக் கெடலாம். 2001இலேயே இதற்கு எச்சரிக்கை வெளியானது. கிட்டப்பார்வை என்பது பொதுவாக மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் கூடும். ஓரிரு நாளில் கரும்பலகை மங்கிவிட்டது, கண்ணும் வலிக்கிறது என்று ஒரு மாணவர் சொன்னால், கண்ணாடிக் கடைக்கு அனுப்பக் கூடாது. அன்றே கண் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

நான்காவதாக ரெடிகாபின் என்ற மருந்தின் கதையையும் சொல்லலாம். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்குத் தோலும் நகமும் நீலம் பாய்ந்தன. விழித்திரையில் நிறமிப் படிவு தென்பட்டது. 2013இல் அரசு எச்சரித்தது. 2017இல் உற்பத்தி நின்றது. யாரோ கவனித்ததாலும், கவனித்ததை எழுதி அனுப்பியதாலும்தான் அந்த எச்சரிக்கை வந்தது.

"நிறுத்திடட்டுமா சார்?"

பரிசோதனை முடிவு வந்த வாரம், அந்த மாணவனின் அம்மா என்னிடம் கேட்டார்: "இப்ப சாப்பிடுற மாத்திரையும் கண்ணைக் கெடுத்துடுமோ? நிறுத்திடட்டுமா சார்? கண்ணைப் பார்க்கறதா, வலிப்பைப் பார்க்கறதா, ஒண்ணும் புரியல."

நான் சொன்னது இதுதான்: "அம்மா, ஒரு வேளை மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்வியை அப்படியே டாக்டரிடம் கேளுங்கள்."

வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு உயிருக்கே ஆபத்து; 108ஐ உடனே அழைக்க வேண்டிய நிலை அது. மருந்தை மாற்ற வேண்டுமானால் மருத்துவர் வாரக் கணக்கில் மெல்லக் குறைத்து, மற்றொன்றை மெல்லக் கூட்டுவார். உலக அளவில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாகவும், சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காடு வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வாழ்வைக் கொடுப்பவை இந்த மருந்துகளே. ஆகவே, இதைப் பற்றிப் பெற்றோரிடம் பேசும்போது நம் சொல்லில் அளவு வேண்டும். "மாத்திரையால்தான் கண் போச்சு" என்ற ஒரு வாக்கியம் ஊருக்குள் பரவினால், மாத்திரையை நிறுத்தும் வீடுகள் எத்தனையோ இருக்கும்.

அந்த மாணவனின் மருத்துவர், இப்போதைய மாத்திரைக்கு அந்தப் பாதிப்பு இல்லை என்று அம்மாவிடம் விளக்கினார். மாத்திரை தொடர்கிறது. ஆறாண்டுகளாக அவனுக்கு வலிப்பு வரவில்லை.

ஒரு செயல்பாடு: காகிதக் குழல்

பார்வைப் புலம் சுருங்குவது எப்படியிருக்கும் என்பதை வகுப்பில் எல்லோரும் உணரலாம். ஓர் ஏ4 தாளைக் குழலாகச் சுருட்டுங்கள். தாளின் நீண்ட பக்கமே குழலின் நீளமாக, அதாவது ஏறத்தாழ 30 செ.மீ., இருக்கட்டும். வாயின் விட்டம் 5 செ.மீ. இருக்கட்டும். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் குழலை வைத்துப் பாருங்கள். தெரியும் பரப்பின் கோணம் ஏறக்குறைய 10 டிகிரி. அதே விட்டத்தில் 7 செ.மீ. நீளத்துக்கு ஒரு குழல் செய்தால் கோணம் 40 டிகிரி. எங்கள் மாணவனின் 30 டிகிரிக்கு, குழலின் நீளம் சற்றேறக்குறைய 9 செ.மீ. பத்தாம் வகுப்பு மாணவர்கள் முக்கோணவியலைக் கொண்டு இந்தக் கோணங்களைத் தாங்களே கணக்கிடலாம்: குழல் வாயின் ஆரத்தை நீளத்தால் வகுத்தால் பாதிக் கோணத்தின் டேன் மதிப்பு கிடைக்கும்.

இந்த 10, 40 என்ற எண்களை நான் காரணத்தோடுதான் எடுத்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பார்வைக் கூர்மையை மட்டும் வைத்துக் குறைபாட்டை வரையறுக்கவில்லை. பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழ் 10 டிகிரி வரை இருந்தால் குறைந்த பார்வை; 10 டிகிரிக்கும் குறைந்தால் பார்வையின்மை. அட்டையில் 6/6 படிக்கும் மாணவரும் இதன்படி மாற்றுத்திறனாளியாக இருக்கலாம். நம்மில் பலரும் அறியாத செய்தி இது. சான்றிதழ் வழங்குவது மருத்துவக் குழுவின் பொறுப்பு; அவரை அங்கு அனுப்பி வைப்பது நம் பொறுப்பு.

குழலோடு மாணவர்களை வகுப்புக்குள் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். கரும்பலகையில் உள்ள ஒரு வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். கீழே விழுந்த பேனாவைத் தேடச் சொல்லுங்கள். அருகில் ஒருவர் துணைக்கு நிற்கட்டும். எங்கள் வகுப்பில் இதைச் செய்தபோது, யாருக்காகச் செய்கிறோம் என்று நான் சொல்லவில்லை. கண் பாடத்தின் செயல்பாடு என்றுதான் சொன்னேன். அதன் பிறகு, நடைவழியில் பையை வைக்கும் பழக்கம் வகுப்பில் குறைந்தது.

வகுப்பறையில் மாற்ற வேண்டியவை

பார்வைக் குறைபாடு என்றதும் முதல் வரிசை என்பது நம் வழக்கம். கூர்மை குறைந்த மாணவருக்கு அது சரி. புலம் சுருங்கிய மாணவருக்கு அது பொருந்தாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரி பார்வையுள்ளவர் இரண்டு மீட்டர் தொலைவில் உட்கார்ந்தால், ஒரே பார்வையில் தெரியும் கரும்பலகையின் அகலம் சுமார் ஒரு மீட்டர். ஐந்து மீட்டர் தொலைவில் உட்கார்ந்தால் சுமார் 2.7 மீட்டர். எங்கள் கரும்பலகையின் அகலம் இரண்டரை மீட்டர். அதனால் அவனை முதல் வரிசையிலிருந்து பின்னால், கரும்பலகைக்கு நேர் நடுவில் உட்கார வைத்தோம். கூர்மை 6/6 ஆயிற்றே. எழுத்து தெளிவாகத் தெரிகிறது. இப்போது பாதி வரி விடுபடுவதில்லை.

பெரிய எழுத்து அச்சும் அப்படித்தான். எழுத்து பெரிதாகப் பெரிதாக, குறுகிய பார்வைக்குள் அடங்கும் எழுத்துகளின் எண்ணிக்கை குறையும். வழக்கமான பாடநூலே போதும். வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துப் படிக்கப் பழக்கினால், அடுத்த வரியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நடைவழியில் பைகள், வாளிகள் வேண்டாம். படிக்கட்டு விளிம்பில் மஞ்சள் வண்ணப் பட்டை பூசலாம். பக்கவாட்டிலிருந்து பொருளை நீட்டாமல், பெயர் சொல்லி அழைத்து நேராகக் கொடுக்கலாம். மாலை மங்கலில் கூடுதல் கவனம் தேவை. சாலையைக் கடக்கும்போது தலையை முழுமையாக இருபுறமும் திருப்பிப் பார்க்கப் பயிற்சி தர வேண்டும். விளையாட்டை நிறுத்தத் தேவையில்லை. எங்கள் உடற்கல்வி ஆசிரியை அவனுக்கு நீளம் தாண்டுதல் பயிற்சி தருகிறார். ஓட்டமும் தாண்டும் பலகையும் நேர்கோட்டில்தான் இருக்கின்றன.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

வலிப்பு மருந்து எடுத்துக்கொள்ளும் அல்லது முன்பு எடுத்துக்கொண்ட மாணவரிடம் கீழ்க்கண்டவற்றுள் எதையேனும் கண்டால் குறித்துக்கொள்வோம்:

1. மேசை, கதவு, சக மாணவர் மீது அடிக்கடி இடித்துக்கொள்வது.

2. பக்கத்திலிருந்து வரும் பந்தையோ ஆளையோ தாமதமாக உணர்வது.

3. கரும்பலகையில் வரியின் தொடக்கத்தையோ முடிவையோ விட்டு எழுதுவது.

4. அருகில் விழுந்த பொருளை வெகுநேரம் தேடுவது.

5. மங்கிய வெளிச்சத்தில் தடுமாறுவது.

6. எழுத்து இரட்டையாகத் தெரிவதாகச் சொல்வது, கண்மணி துடிப்பது, நடை தள்ளாடுவது.

7. திடீரெனப் பார்வை மங்கிக் கண் வலிப்பது. இது மட்டும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியது.

குறிப்பில் தேதி, நேரம், நடந்தது ஆகிய மூன்றும் போதும். நோயின் பெயரை நாம் எழுத வேண்டியதில்லை. பெற்றோரிடம் தனியே பேசுவோம். பழைய மருந்துச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தச் சொல்வோம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் தெரிவிப்போம். "இந்தப் பிள்ளைக்குப் பார்வைப் புலப் பரிசோதனை தேவையா?" என்று பெயர் சொல்லியே கேட்போம். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் எழுத்து அட்டையோடு பரிசோதனை முடிந்துவிடாது. சான்றிதழ் கிடைத்தால் உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்க வழி பிறக்கும்.

வலிப்பு உள்ள பிள்ளை என்பதை வகுப்பறிய அறிவிக்கத் தேவையில்லை. வலிப்பைப் பற்றி ஊரில் இன்னும் கூச்சமும் அச்சமும் இருப்பதால், நமக்குத் தெரிந்ததைத் தேவையானவர்களிடம் மட்டுமே பகிர வேண்டும்.

அடுத்த பார்வைப் பரிசோதனை நாளன்று, பதிவேட்டில் 6/6 என்று எழுதும் முன் ஒரு கேள்வி கேட்போம்: "சின்ன வயசுல வலிப்பு வந்திருக்கா? என்ன மருந்து சாப்பிட்டே? அம்மாகிட்ட கேட்டுட்டு வா." ஒரு மாணவருக்கு இது ஒரு நிமிட வேலை. 'கவனமில்லாத பிள்ளை' என்று பல ஆண்டுகள் பேர் வாங்கிக்கொண்டிருக்கும் யாரோ ஒரு குழந்தைக்கு, அந்த ஒரு நிமிடத்தில் அந்தப் பேர் நீங்கக்கூடும்.